வராத புயலும் ஓர் அன்னாசிப் பழமும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஓர் இழுப்பறையிலிருந்து வந்தது. தைபேயில் பாலத்தடிச் சந்தையில் பழைய அலமாரி ஒன்று வாங்கினேன். அதன் இழுப்பறையில் விரித்திருந்தது ஒரு மாலைப் பத்திரிகைத் தாள். அறுபதுகளில் ஏதோ ஓர் ஆகஸ்ட் நாள்.

அன்றைய செய்திகள்: புயல் திசை மாறிக் கடலுக்குள் போய்விட்டது. திருடப் போன வீட்டில் மின்விசிறியைப் போட்டுத் தூங்கிவிட்ட திருடன் விடிந்ததும் பிடிபட்டான். ஆவிகள் உலவுவதாக நம்பும் பேய் மாதத்தில் யாரும் கல்யாணம் செய்வதில்லை என்பதால் விருந்து மண்டபங்கள் ஈயோட்டுகின்றன. நாட்டுத் தலைவர் ராணுவப் பள்ளி அணிவகுப்பைப் பார்வையிட்டார், முதல் பக்கத்தில் பெரிய படம்.

தேதி மங்கியிருந்தது. தாளை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

தலைவரின் முகத்துக்குச் சரியாகப் பின்னால், இரண்டாம் பக்கத்தில், யார் வளர்த்தது அதிகம் பெருத்தது என்ற கோயில் போட்டியில் முதல் பரிசு பெற்ற படையல் பன்றி. வழக்கப்படி அதன் வாயில் ஒரு முழு அன்னாசிப் பழம். வெயிலில் இரண்டு படமும் ஒன்றாயின. தலைவர் அன்னாசியைக் கவ்வியபடி அணிவகுப்பைப் பார்வையிட்டார்.

(அது ராணுவச் சட்டக் காலம். இதைவிடச் சின்ன விஷயங்களுக்குத் தீவுச் சிறைக்குக் கப்பலேறியவர்கள் உண்டு.)

தாளும் பன்றியும் என் கையில் உள்ளவை. இனி வரும் மனிதர்கள் என் கற்பனை. குறை இருந்தால் என்னைத் திட்டுங்கள், பன்றியை விட்டுவிடுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: ‘வானம் கறுத்துக் கிடந்தது. நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு’ — வேண்டாம். நகரங்களை மூச்சுப் பிடிக்க வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: ‘பன்றிக்குக் கொசுவலை கட்டியவரின் மகள் அவள்.’ இது இருக்கட்டும்.

அவள் பெயர் பெங். அந்தப் பத்திரிகையில் இரண்டாம் பக்கத்தை அமைப்பவள். மலையடிவார ஊரில் அவள் அப்பா அந்தப் பன்றிக்கு மின்விசிறியும் கொசுவலையும் கொடுத்து வளர்த்தார். (தான் கொசுக்கடியில் படுத்தார்.) பரிசு வந்ததும் மகள் படத்தைப் பெரிதாகப் போட்டாள். நீங்களாக இருந்தால் சின்னதாகவா போடுவீர்கள்?

முதல் பக்கத்தை அமைப்பவன் ஷ்யே, வேலையில் அவளுக்கு மூத்தவன். தலைவர் படம் வரும் நாட்களில் ஒரு நடைமுறை உண்டு: அச்சேறும் முன் இரண்டு பக்கத்தின் மாதிரித் தாளையும் முதுகோடு முதுகு ஒட்டி, ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். தலைவருக்குப் பின்னால் எதுவும் ஏடாகூடமாக இருக்கக் கூடாது. அன்று காலை புயலுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் பலகையடித்து மூடியிருந்தார்கள். நடுவில் தொங்கிய குண்டு பல்புக்கு இரண்டு தாளை ஊடுருவும் வீரம் இல்லை. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

பத்திரிகை அச்சாகி வெளியே போனது. கடைசி நிமிடத்தில் செய்தியாக ஏறியபடியே புயல் வரவில்லை. தச்சர்கள் பலகையைப் பிடுங்கினார்கள். உள்ளே வெயில் விழுந்தது.

3

“பெங், இங்க வா. சத்தம் போடாத.”

“என்ன சார்? எங்கப்பா பன்னி நல்லா விழுந்திருக்கா?”

“நல்லாத்தான் விழுந்திருக்கு. எங்க விழுந்திருக்குன்னு பாரு.”

ஷ்யே தாளை வெயிலில் பிடித்தான். பெங் பார்த்தாள். பக்கத்து நாற்காலியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“பேப்பர் வண்டியெல்லாம் போயிடுச்சா சார்?”

“ரயிலடியில இந்நேரம் வித்துட்டிருப்பான்.”

“படம் போட்டது நான். நானே போய்ச் சொல்லிடறேன்.”

“வாய மூடு. தலைவர அங்க வச்சது நான். பன்னிக்கு ஒண்ணும் தெரியாது, உனக்கும் தெரியாது.”

[முதல் வரைவில் ஷ்யே அவளைக் காட்டிக்கொடுத்தான். அடித்துவிட்டேன். அதுதான் யதார்த்தம் என்பார்கள். யதார்த்தத்துக்கு என் உதவி தேவையில்லை.]

அப்போது கேப்டன் லெய் வந்தார். ஓய்வுபெற்ற ராணுவக்காரர். அலுவலகத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று மேலே சொல்வது அவர் வேலை. (அவர் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்திருந்தேன். மலிவாகத் தெரிந்ததால் எடுத்துவிட்டு, வயிற்றுப்புண் கொடுத்தேன்.)

“புயலும் நம்மள ஏமாத்திடுச்சு பாத்தீங்களா? குடுப்பா அந்தப் பேப்பர.”

ஷ்யே விடவில்லை.

“விடுய்யா, கிழியுது.”

“மை காயல கேப்டன். கையில ஒட்டிக்கும்.”

“இந்தக் கையில ரத்தமே ஒட்டியிருக்கு. மை என்ன பண்ணிடும்?”

பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். தாளைத் தூக்கினார். அவர் முகம் தாளுக்குப் பின்னால் மறைந்தது. தாள் நடுங்கத் தொடங்கியது. பெங் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. குக்கர் மூடி தளர்ந்தது போல முதலில். பிறகு முழுச் சிரிப்பு. தோள் குலுங்க, மூச்சு வாங்க, மூக்கில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று நின்றது. தாள் இறங்கியது. அவ்வளவு பயந்த முகத்தை நான் இதுவரை எழுதியதில்லை.

“நான் இருமினேன்,” என்றார்.

படம் பொருந்தியது கவனக்குறைவு என்று வாதாடலாம். சிரிப்புக்கு என்ன வாதம்?

“ஆமா கேப்டன்,” என்றாள் பெங். “மோசமான இருமல்.”

“ரெண்டு பேரும் கேட்டீங்களா?”

“நல்லாவே கேட்டோம்,” என்றான் ஷ்யே.

கேப்டன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தொலைபேசியின் வட்டு சுழலும் சத்தம் கேட்டது.

4

இங்கே பேனாவைக் கீழே வைத்தேன். யாரை அழைக்கிறார்?

முடிவு (அ): தலைமையகத்தை. முந்திக்கொண்டவன் பிழைப்பான். சாயங்காலம் ஜீப் வருகிறது. ஊரில் அப்பா உறவினர்களுக்குப் பன்றிக்கறி பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஓடி வந்து அவர் காதில்— அந்தக் காலம் இப்படித்தான் எழுதியிருக்கும். என்னால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

முடிவு (ஆ): டாக்டரை. இருமலுக்கு மருந்து கேட்கிறார். இதை எழுதிப் படித்துக் காட்டினேன். “பயந்தாங்கொள்ளி,” என்றாள் என் மனைவி. சரிதான்.

5

ஆனால் கேப்டன் வாயை மூடினாலும் போதாது. பத்திரிகை ஊர் முழுக்கப் போய்விட்டது. எவர் கையிலுள்ள தாளிலும் வெயில் படலாம். புகார் செய்பவர், தலைவரை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சிரிக்கவில்லை என்று சத்தியமும் செய்ய வேண்டும். சிரித்தவர் வாயைத் திறக்க மாட்டார். ஆக, சிரிக்காத ஒரே ஒரு வாசகர் போதும், பெங்கைக் கப்பலேற்ற.

ரயிலடியில் தாளைத் தூக்கிப் பிடித்த அந்த வாசகரை யாரென்று எழுத எத்தனையோ முறை முயன்றேன். பொய்யாகவே வந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார். தாளைப் பார்த்துவிட்டவர். நீங்கள்தான்.

உங்கள் உதடு அசைந்ததா, இல்லையா? என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள். சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறாள்.