காதில் ஏறிய பூணூல்

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அனந்தகிருஷ்ணன் செய்த முதல் காரியம், பூணூலை இழுத்து வலது காதில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது காரியம், வாயை மூடிக்கொண்டது. நாலு நாள் திறக்கவில்லை.

1949 ஜனவரி. பரேலில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டு. மாட்டுங்காக்காரர், ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். அவருடைய புராஸ்டேட் சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டார்கள். உள்ளே புற்று இருந்தது என்று டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டார்கள். சூட்டுக்கு யாராவது வயிற்றைக் கிழிப்பார்களா என்று எவரும் கேட்கவும் இல்லை.

எடுத்த இடத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து, கட்டிலுக்கடியில் இருந்த கண்ணாடி பாட்டிலில் இறங்கியது. மூத்திரம் அதன்வழியே இருபத்துநாலு மணி நேரமும் சொட்டிக்கொண்டிருந்தது. சிக்கல் அங்கேதான். ஏழு வயதில் பூணூல் போட்ட நாளிலிருந்து, சிறுநீர் கழிக்கும்போது பூணூலைக் காதில் மாட்டிக்கொள்வதும் முடிகிறவரை பேசாமல் இருப்பதும் அவர் தவறவிடாத ஆசாரம். இப்போது முடிவதே இல்லை. ஆகவே பூணூல் இறங்கவில்லை. பூணூல் இறங்காததால் பேச்சும் இல்லை. ஹெட் கிளார்க் மூளைக்கு இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

டாக்டர்களுக்கு இது தெரியாது. இரண்டு பேர் வந்து தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள், மயக்க மருந்து மூளையைத் தொட்டுவிட்டதோ என்று முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் நன்றாகத்தான் உதைத்தது. மனைவி ராஜலக்ஷ்மி தினமும் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

மர்மத்தை உடைத்தது பக்கத்துக் கட்டில் பூலோகம். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறைக்காரர், திருநெல்வேலிப் பக்கம். அதே ஆபரேஷன், ஒரு வாரம் முன்னால். குழாய் வாழ்க்கையில் அவர் சீனியர். நாலு நாளும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஐந்தாம் நாள் காலை கட்டிலை விட்டு இறங்கி வந்தார்.

"ஒண்ணுக்கு இருக்கும்போது பேசப்படாது. அதானே சாமி?"

அனந்தகிருஷ்ணன் தலையாட்டினார்.

"குழா எடுக்க இன்னும் பத்து நாளாவும். அதுவரைக்கும் இப்படியேதானா?"

மறுபடி தலையாட்டல்.

பூலோகம் குனிந்து ரப்பர் குழாயை மடக்கி இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார். சொட்டு நின்றது. "இப்பப் போவலை. பேசும்."

அனந்தகிருஷ்ணன் பாட்டிலைப் பார்த்தார். பூணூலைக் காதிலிருந்து இறக்கினார். நாலு நாள் பேச்சு ஒரே மூச்சில் வந்தது. காப்பியில் சிக்கரி, ஜன்னலில் காற்று இல்லை, முழங்காலில் தட்டின டாக்டருக்கு அறிவில்லை, பெண் விஜயா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தாச்சா, தலையணையில் மூட்டைப்பூச்சி. சிஸ்டர் ஓடி வந்து பூலோகத்தின் கையைத் தட்டிவிட்டாள். குழாயில் சொட்டு விழுந்தது. பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. பூணூல் காதுக்கு ஏறியது.

இதை மூன்றாம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பிரம்மநாயகம். செம்பூர்க்காரர், தபால் பிரிக்கும் உத்தியோகம், அவருக்கும் ஒரு குழாய். அன்று மத்தியானம் மூன்று பேரும் கூடி விஷயத்தை ஆராய்ந்தார்கள். அதாவது இரண்டு பேர் ஆராய்ந்தார்கள், ஒருவர் தலையாட்டினார். கடைசியில் பூலோகம் தீர்ப்புச் சொன்னார்: "போறது சாமி இல்ல. ஆஸ்பத்திரி ரப்பரு. அதுக்கு ஏது பூணூலு?"

சாஸ்திரத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று அனந்தகிருஷ்ணன் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்ற பயம். பூணூலை இறக்கிவிட்டார். ஆனால் கைக்குத் தீர்ப்பு எட்டவில்லை. அடிவயிறு முட்டுகிற மாதிரி இருந்தாலே கை தானாகப் பூணூலைத் தேடிப் போகும். பாதி வழியில் அவரே பிடித்து இறக்குவார்.

அதன்பிறகு மூவரும் ஆளுக்கொரு பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தார்கள். பாட்டிலின் நிறத்தை வைத்துத்தான் மரியாதை. அனந்தகிருஷ்ணனுடையது தக்காளி ரசம். பிரம்மநாயகத்துக்கு டீ. பூலோகம் இளநீருக்கு வந்துவிட்டார், அந்தத் திமிர் நடையில் தெரிந்தது. வெளியே இருந்தால் அனந்தகிருஷ்ணன் பூலோகத்தைத் தன் வீட்டு வாசல்படிக்கு இந்தப் பக்கம் விட்டிருக்க மாட்டார். இங்கே பூலோகத்தின் பாட்டிலைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

குழாயை எடுத்த அன்றுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. எதுவும் நிற்கவில்லை. தும்மினால் போயிற்று, எழுந்தால் போயிற்று, சிரித்தால் கேட்கவே வேண்டாம். சிலருக்கு மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சாவதானமாகச் சொன்னார். அனந்தகிருஷ்ணனிடம் மாதங்கள் இல்லை. மாசி பன்னிரண்டு விஜயாவுக்கு முகூர்த்தம். ஒரே பெண். தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நூற்றிரண்டு பவுண்டு எடை, நேராக அடிவயிற்றின் மேல், முந்நூறு பேர் முன்னிலையில்.

தம்பி வேங்கடசுப்ரமணியன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். அண்ணன் விரித்திருந்த துணியைப் பார்த்தான்.

"நீ ஒண்ணுக்கும் கவலைப்படண்டாம். என் மடியில உக்காத்தி வச்சுப் பண்ணிடலாம். சித்தப்பாவும் அப்பாவாக்கும்."

சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை. அளவெடுத்துக்கொண்டு போனது போல் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் எட்டு வருஷமாக யார் பெரியவன் என்ற வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதில் தோற்றால் அப்பீல் கிடையாது. அன்று சாயங்காலம் அனந்தகிருஷ்ணன் கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டார்: பெண் என் மடியில்தான் உட்காருவாள். இல்லையென்றால் நான் கல்யாணத்துக்கே போகப்போவதில்லை.

பயிற்சி மறுநாளே தொடங்கியது. முதல் பாடம், ஒண்ணுக்குப் போகும்போது பாதியில் நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி விடுவது. பூலோகம் கதவுக்கு வெளியே நின்று உரக்க எண்ணுவார். இரண்டாம் பாடம் மூக்குப்பொடி. ஒரு சிட்டிகை ஏற்றித் தும்ம வேண்டும், துணி நனையக் கூடாது. இரண்டு நாள் வார்டு முழுக்கத் தும்மியது. மூன்றாம் பாடம் மடி.

ஆஸ்பத்திரித் தராசில் பூலோகம் நூற்று நாலு பவுண்டு இருந்தார். விஜயாவுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று ஆள் கிடைக்காது. மூன்று மணிக்கு சிஸ்டர் டீ குடிக்கப் போனதும், வராந்தாக் கோடியில் அனந்தகிருஷ்ணன் சம்மணமிட்டு உட்காருவார். பூலோகம் தலையைக் குனிந்து, துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்து மடியில் உட்காருவார். பிரம்மநாயகம் வாத்தியார். மந்திரம் தெரியாததால் சுவரில் தொங்கிய ஆஸ்பத்திரி விதிமுறைகளை ராகம் போட்டு வாசித்தார். பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு வரை. எச்சில் துப்பக் கூடாது. அறுநூறு எண்ணுகிறவரை தாங்கினால் முகூர்த்தம் தாண்டிவிடும் என்று கணக்கு.

முதல் நாள் நாற்பதில் போயிற்று. பூலோகம் எழுந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"தீர்த்தம் கெடைச்சிருச்சு சாமி. சடாரிதான் பாக்கி."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் மூன்று பேருக்கும் போயிற்று.

ஐந்தாம் நாள் சிஸ்டர் சீக்கிரம் வந்துவிட்டாள். ஒரு கிழவன் மடியில் முக்காடு போட்ட இன்னொரு கிழவன், எதிரே மூன்றாமவன் எச்சில் துப்பக் கூடாது என்று கும்பிட்டபடி பாடுகிறான். "யே க்யா தமாஷா ஹை", இது என்ன கூத்து என்றாள். பூலோகம் மடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது, நடுவில் விட மனமில்லை. அவருக்குத் தெரிந்த இந்தியில், ஷாதி, அதாவது கல்யாணம் நடக்கிறது, கொஞ்சம் பொறு என்றார். அவள் பொறுத்தாள். அன்று நானூறு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அனந்தகிருஷ்ணன் ஐந்நூற்றைம்பதில் இருந்தார். மீதி ஐம்பதுக்கு பிரம்மநாயகம் ஒரு வழி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மூவரும் போகிறோம். நானும் பூலோகமும் பன்னீரோடு முன்வரிசையில் நிற்போம். போய்விட்டது என்று தெரிந்தால் வாயால் சொல்ல வேண்டாம், பூணூலைக் காதில் மாட்டும். அடுத்த நொடி பன்னீர் விழும். நனைந்தது எதனால் என்று எவனுக்கும் தெரியாது. மூவருக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. அந்தக் கையின் பழக்கம் மூவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாட்டுங்காவில் பந்தல். பூலோகம் கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். கையில் பன்னீர்ச் செம்பு இல்லை, ஒரு பித்தளைக் கூஜா. முதல் நாள் நாற்பதிலேயே தீர்த்தம் வாங்கியவர் அவர், செம்பு காணாது என்று அவருக்குத் தெரியும். இந்த ஆட்கள் யார் என்று வேங்கடசுப்ரமணியன் கேட்டான். ஆஸ்பத்திரி சிநேகிதாள் என்றாள் ராஜலக்ஷ்மி. நாலு நாள் ஊமையாக இருந்தவரைப் பேசவைத்த மனுஷனை அவள் முன்வரிசையிலேயே நிறுத்தினாள்.

அனந்தகிருஷ்ணன் உட்கார்ந்தார். விஜயா மடியில் உட்கார்ந்தாள். கூரைச்சேலையோடு சேர்த்து பூலோகத்தைவிட ஆறு பவுண்டாவது கூட இருப்பாள். எண்ண ஆரம்பித்தார். நூறு. இருநூறு. வாத்தியார் மந்திரத்தை நீட்டினார். நானூறு. தம்பி பட்டு அங்கவஸ்திரத்தோடு நேர் எதிரே நின்று அண்ணன் முகத்தை விடாமல் பார்த்தான். ஐந்நூற்றைம்பது தாண்டியது. ஐந்நூற்றெண்பது. துணி காய்ந்தே இருந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். கெட்டிமேளம்.

தவிலின் அதிர்வு நேராக அடிவயிற்றில் இறங்கியது. முட்டுவது போல் ஒரு கணம். கை தானாக எழுந்து, பூணூலை எடுத்துக் காதில் மாட்டியது.

இல்லை, ஒன்றும் ஆகவில்லை என்று அவர் பதறி இறக்குவதற்குள் கூஜா வந்துவிட்டது. பூலோகம் தெளிக்கவில்லை, கவிழ்த்தார். மறுபக்கத்திலிருந்து பிரம்மநாயகம் வீசியது குறி தவறி வேங்கடசுப்ரமணியனின் பட்டில் விழுந்தது. மூன்றாம் முடிச்சு தண்ணீருக்குள் விழுந்தது. வாத்தியார் மந்திரத்தின் நடுவில் புரையேறினார். மேளம் நின்றது. முந்நூறு பேரும் பார்த்தார்கள்.

"எங்க பக்கத்து வழக்கம்," என்றார் பிரம்மநாயகம், தபால் முத்திரை குத்துகிற நிதானத்தோடு. "பொண்ணு வீடு குளுந்து இருக்கணும்னு."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் மாமா, ரொம்ப விசேஷம், எங்களுக்கும் கொஞ்சம் தெளியுங்கள் என்றார். மேளம் மறுபடி எழுந்தது. மூன்று மாதம் கழித்து அதே தெருவில் இன்னொரு கல்யாணத்தில் முடிச்சு போடும்போது பெண்ணின் அப்பா தலையில் ஒரு குடம் கவிழ்த்தார்களாம். அவருக்கு வியாதி எதுவும் இல்லை.

கடைசிப் பந்தியில் அனந்தகிருஷ்ணன் ஈர வேஷ்டியோடு பூலோகத்தின் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். இந்தப் பந்தியிலா என்று கேட்க வந்த தம்பி, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, பிழிந்த அங்கவஸ்திரத்தோடு திரும்பிப் போனான்.

"ஐந்நூத்தித் தொண்ணூறு," என்றார் அனந்தகிருஷ்ணன். "ஒரு சொட்டு இல்லை ஓய். நீர்தான் கெடுத்தீர்."

"கூஜாவுல ஐஸ் போட்டிருந்தேன்," என்றார் பூலோகம் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. "ஊத்தினதும் குளுந்துச்சுல்லா?"

"குளிர்ந்தது."

"எல்லா எடத்துலயும் குளுந்துச்சா? எங்கயாவது கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்துச்சா?"

அனந்தகிருஷ்ணன் இலையைப் பார்த்தார். பூணூலை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார்.