கைராசி

அந்த வீட்டில் மருமகளுக்கு மரியாதை வந்தது நாயின் மூக்கு வழியாகத்தான். வந்த புதிதில் அவள் துணி காயப்போட்டால் குறை, கதவைச் சாத்தினால் குறை. துரைக்கு மூச்சு இழுத்த அன்றுதான் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள்.

துரை என்பது மாமனார் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் சப்பை மூக்கு நாய். அது சும்மா தும்மினால் யாரும் கண்டுகொள்வதில்லை. சில சமயம் தும்மல் வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே போகும். கழுத்தை நீட்டி, முன்கால்களை அகட்டி நின்று, கர்ர் கர்ர் என்று மூக்கால் காற்றை உறிஞ்சும். பார்க்கிறவர்களுக்குத்தான் உயிர் போய் உயிர் வரும். முதல் தடவை மாமனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருமகள் ஓடிவந்து அதன் தொண்டையை நீவினாள். நின்றுவிட்டது. ராசியான கை என்றார் மாமனார். அந்த வீட்டில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

பிறகு அவள் மட்டும் துரையை மருத்துவரிடம் கொண்டுபோனாள். டாக்டரம்மா சிரித்தார். சப்பை மூக்கு நாய்களுக்கு இது சகஜம், தொட்டாலும் தொடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும், விடாமல் இருமினாலோ நாக்கு நீலம் பாரித்தாலோ மட்டும் ஓடி வாருங்கள் என்றார். மருமகள் வீட்டுக்கு வந்து, கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாக மட்டும் சொல்லி வைத்தாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். அபூர்வமாகக் கிடைத்த மரியாதையை யார்தான் கைநழுவ விடுவார்கள்?

அதற்கப்புறம் அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை. தங்கையின் பிரசவத்துக்குப் போக விடவில்லை. குளிக்கப் போனாலும் கதவைத் தட்டினார்கள். கணவனிடம் முறையிட்டால், அப்பாவின் உயிரே அந்த நாய்தானே என்று பேச்சை முடித்துவிடுவான்.

கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். யார் முகம் சுளித்தாலும் சரி என்று பையை மாட்டிக்கொண்டு செருப்பில் கால் நுழைக்கும்போது, கூடத்தில் கர்ர் என்றது.

அவள் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "என் கையில ஒண்ணுமில்ல மாமா. அது தானா நின்னுடும். டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"வேலைக்குப் போகணும்னா என்ன வேணா சொல்லுவியா?" என்றாள் மாமியார்.

நீங்களே பாருங்கள் என்று அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இதோ நின்றுவிடும், இதோ. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். துரையும் கண் பிதுங்க அவளையே பார்த்தது. அதற்கும் அவள் கை பழகிப் போயிருந்தது.

"உன் கால்ல விழறேம்மா," என்றார் மாமனார். சொன்னதோடு நிற்காமல் குனியவும் செய்தார்.

படித்தவள்தான், தெரிந்தவள்தான். மனசு கேட்க வேண்டுமே. மண்டியிட்டுத் தொண்டையை நீவினாள். நின்றது. அது நிற்கும் நேரமும் வந்திருந்தது. அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளிலிருந்த பையைத் தானே கழற்றி வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்த வீட்டில் அவளை அவ்வளவு பிரியமாக யாரும் நடத்தியதில்லை.