வியாழக்கிழமை வசவு

1.
இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. அலபாமாவில் நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் கல்லூரியின் உணவுக்கூடத்தில் மீன் வறுப்பவர் எர்லீன் அக்கா. கூடைப்பந்துப் பயிற்சி நடக்கும்போது எங்கள் அணிப் பையன் ட்ரேவனைப் பார்த்துக் கத்தினார்:

"டேய், அது கையா துடுப்பா? பந்த எறியச் சொன்னா படகு ஓட்டுற!"

"நேத்து நீங்க வறுத்த மீன் கரிக்கட்டை, மிஸ் எர்லீன்!" என்றான் ட்ரேவன். பந்து வளையத்துக்குள் விழுந்தது.

2.
முதல் தொடக்கம்: 'கோச் லெமுவேல் கேட்ஸ் ஒரு மாபெரும் மனிதர். அவர்—'

அடித்துவிட்டேன். மாபெரும் மனிதர்கள் கதைக்குள் வந்ததும் சிலையாகிவிடுகிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: அறுபதுகளின் கடைசியில், வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த ஒரு பல்கலைக்கழக அணியில் சேர்ந்த முதல் கறுப்பு மாணவர் அவர். ஃப்ரீ த்ரோ என்றால் ஒருவன் கோட்டருகே தனியாக நின்று எறிய வேண்டும். யாரும் தடுக்க மாட்டார்கள். அவர் கோட்டுக்கு வரும்போதெல்லாம் ஊளையிட்டது எதிரணிக் கூட்டமல்ல, சொந்தக் கல்லூரிக் கூட்டம்.

[என்ன சொல்லிக் கத்தினார்கள் என்று இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அந்தச் சொற்களுக்கு இன்னொரு மேடை எதற்கு?]

3.
எங்களுக்குக் கோச்சாக வந்ததும் அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். வியாழன்தோறும் ஊரே வந்து, ஃப்ரீ த்ரோ எறியும் நம் பையன்களைத் திட்ட வேண்டும். போதகருக்கும் விலக்கில்லை.

"சிஸ்டர், இதென்ன தாலாட்டா? இன்னும் காரமா!" என்பார் கோச்.

"காரம் வேணும்னா உங்க தொப்பியப் பத்திப் பேசவா கோச்?" என்பார் எர்லீன் அக்கா.

[சந்தேகம்: இவரை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? சரி, குறையும் எழுதுகிறேன். தோற்றுவிட்டால் திரும்பும் பேருந்தில் யாரையும் மூச்சுவிடக் கூட விடமாட்டார். அந்தத் தொப்பியும் சகிக்காது.]

4.
ஓய்வுபெறும் வருடத்தில் அவர் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஜெயித்தால் எங்கள் கல்லூரி முதல்முறையாக தேசியப் போட்டிக்குப் போகும். ஆட்டம் நடந்ததோ அவர் படித்த பல்கலைக்கழகத்தின் அதே அரங்கில். படிப்பு முடிந்தபின் அவர் மிதிக்காத தரை.

சமநிலை. நேரம் தீர்ந்துவிட்டது. மீதமிருந்தது ட்ரேவனின் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. தவறினால் கூடுதல் நேரம். அதை ஆட எங்கள் பையன்களின் கால்களில் உயிர் இல்லை.

எதிரணிக் கூட்டம் வாய் திறப்பதற்குள் எங்கள் வரிசையில் ஒரு நாக்கு முந்திக்கொண்டது.

"டேய் துடுப்பு! கரை அந்தப் பக்கம்டா!"

எர்லீன் அக்காதான். பழக்கதோஷம். அவ்வளவுதான், மொத்த ஊரும் சேர்ந்துகொண்டது. எதிரணிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஐயையோ, இன்னிக்குச் சனிக்கிழமைம்மா!" என்று போதகர் அலறினார்.

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம். அதே அரங்கு. அதே கோடு. மறுபடியும் சொந்தக் கூட்டமே. நான் கோச்சைப் பார்த்தேன். அவர் கண்களில்—

தெரியாததை எழுத மாட்டேன். தொப்பியைக் கழற்றினார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க சிஸ்டர்? இன்னும் காரமா!"

5.
பந்து விழுந்ததாக ஒரு முடிவு எழுதினேன். விழவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். பந்து இன்னும் ட்ரேவன் கையில்தான் இருக்கிறது; அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

முடிவு உங்களுடையது. ஆனால் சும்மா கிடைக்காது. எர்லீன் அக்கா நகர்ந்து இடம் கொடுக்கிறார், உட்காருங்கள். முதலில் அவனை மனசாரத் திட்டுங்கள்.