சேற்றுக் கிருமியின் பெயர்

யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்துக்குப் பக்கத்தில் நெல் விதைக்கிற நாகலிங்கத்துக்குக் கார்த்திகை மழையோடு காய்ச்சல் பிடித்தது. கழுத்தில் கட்டியும் வந்தது. ஏற்கெனவே இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் உள்ள மனிதர். நெஞ்சு எக்ஸ்றே படத்தில் நிழல் தெரிந்ததால் காசநோய் என்று எண்ணி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். தைப்பொங்கல் போய் மாசியும் வந்தது, காய்ச்சல் விடவில்லை. சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனார். மனைவி கேதீஸ்வரி அவருக்குத் தெரியாமல் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுவார்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு றொசாந்தி என்ற இளம் டொக்டர் மாற்றலாகி வந்தார். கட்டியிலிருந்து சீழ் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தார். இரண்டே நாளில் அதில் ஒரு கிருமி வளர்ந்தது. காசநோய்க் கிருமி இவ்வளவு கெதியாக வளராது. அப்படியென்றால் இது எது? அங்கிருந்த சோதனைகளில் உறுதியாகத் தெரியவில்லை. அந்தக் கிருமியைப் பத்திரமாகப் பொதிசெய்து கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

"அங்கை என்ன செய்வினம், பிள்ளை?" என்று கேட்டார் கேதீஸ்வரி.

"ஒரு மெசின் இருக்கு, அம்மா. கிருமியிலை கொஞ்சத்தைத் தட்டிலை தடவி, லேசர் வெளிச்சத்தாலை அடிப்பினம். அதுக்குள்ளை இருக்கிற புரதங்கள் பறக்கும். பாரம் குறைஞ்சது முதல் போய்ச் சேரும், கூடினது பிந்தி வரும். அந்த வரிசை ஒவ்வொரு கிருமிக்கும் வேறை. அதைப் பாத்துப் பேரைச் சொல்லலாம்."

"பேர் தெரிஞ்சால் மருந்தும் தெரியும், என்ன?"

"ஓம், அம்மா."

பொதி போய்ச் சேர்ந்த அன்றே பதில் வந்துவிட்டது. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருகிற, வயல் சேற்றில் வாழும் கிருமி. கால் வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்க வேண்டும். பார்வைக்குக் காசநோய் போலவே இருக்கும் நோய் அது. றொசாந்தி அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, அன்று பின்னேரமே காசநோய் மருந்தை நிறுத்தி ஊசி மருந்து தொடங்கினார்.

முதற் கிழமை ஏழு நாளும் ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகு ஒருநாள் காலை நாகலிங்கம் தானாக எழும்பி இருந்து, "பசிக்குது. இடியப்பம் இருக்கே?" என்றார். கேதீஸ்வரி அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு விட்ட நாளில், கேதீஸ்வரி ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு றொசாந்தியிடம் போனார்.

"கொழும்பிலை அந்த மெசினிலை பாத்தவரோடை கதைக்க ஏலுமே, பிள்ளை?"

றொசாந்தி தொலைபேசியில் அழைத்தார். "அவ சிங்களப் பிள்ளை, அம்மா. தமிழ் பெரிசாத் தெரியாது. நான் சொல்லிவிடட்டே?"

"வேண்டாம், தாங்கோ." வாங்கிக் காதில் வைத்து, "போகோம ஸ்துதி, துவ" என்று, மகளே என்றழைத்துச் சிங்களத்தில் நன்றி சொன்னார். அதோடு அவருக்குத் தெரிந்த சிங்களம் முடிந்துவிட்டது. மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னார்: "உங்கடை கை நல்லா இருக்கவேணும், மோனை. என்ரை மனுசன் இப்ப சாப்பிடுறார்."

அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் தட்டுத்தடுமாறி, "சந்தோசம், அம்மா" என்றது.

நாகலிங்கம் பல மாதம் குளிசை போட வேண்டியிருந்தது, தவறாமல் போட்டார். அடுத்த விதைப்புக்கு, டொக்டர் சொன்னபடி முழங்கால்வரை உயர்ந்த றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார்.

"காலிலை சேறு படாமல் என்ன கமம், என்ன விதைப்பு?" என்று முணுமுணுத்தார்.

வரம்பில் நின்ற கேதீஸ்வரி சப்பாத்தைக் கழற்ற விடவில்லை.