ரூபி பெயரில் ஓர் ஆட்டம்

முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ரொனால்டு லேப்டாப்பும் கையுமாகப் பெண் வீட்டுக்கு வந்தான். மாதா கோயிலில் காலைப் பூசை முடிவில் சாமியார் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றிருந்தார். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம்தான்.

ரூபி எரியோடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தாள். அவனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. போனில் நன்றாகப் பேசுவான். மில் பஸ்ஸில் ஊர் திரும்பும்போதெல்லாம் அவன் சொன்ன எதையாவது நினைத்துச் சிரித்துக்கொண்டே வருவாள்.

அவள் அம்மா வியாகுலம்மாள் கறிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ரொனால்டு முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து நெட் கார்டைச் செருகினான். திரையில் பச்சை மேசை ஒன்று விரிந்தது. அதன் பின்னால் கழுத்து இறங்கிய சட்டை போட்ட ஒரு பொம்மைப் பெண் சீட்டுக் கட்டோடு நின்றாள்.

"பிளாக்ஜாக்னு பேரு. அஞ்சு நிமிஷத்துல கத்துக்கலாம். உக்காரு ரூபி."

"சீட்டாட்டமா?"

"மூளை வேலை. உனக்குத்தான் கணக்கு வருமே."

அவன் விளக்கினான். அவளுக்கு இரண்டு சீட்டு, அந்தப் பொம்மைக்கு இரண்டு சீட்டு. பொம்மையின் சீட்டில் ஒன்று கவிழ்ந்தே இருக்கும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஆஸ் நம் வசதிப்படி ஒன்று, அல்லது பதினொன்று. கூட்டினால் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் வரவேண்டும், தாண்டக் கூடாது. வேண்டுமென்றால் இன்னொரு சீட்டுக் கேட்கலாம், போதுமென்றால் நின்றுவிடலாம். பொம்மைக்கு அந்த இஷ்டமெல்லாம் கிடையாது. பதினாறு வரை எடுத்தே தீரவேண்டும், பதினேழு வந்தால் நிறுத்தவேண்டும்.

சொல்லிக்கொடுத்தபடியே பல்லிடுக்கில் சிக்கிய கறியைச் சுண்டுவிரல் நகத்தால் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டான். ரூபி பார்வையைத் திரைக்கு மாற்றினாள்.

முதல் ஆட்டத்தில் அவளுக்கு ஒன்பதும் ஏழும் வந்தன. இன்னொன்று கேட்டாள். எட்டு. மேலே சிவப்பில் ஏதோ மின்னியது.

"தாண்டிருச்சு. போச்சு" என்றான்.

"அந்தப் பொம்மையும் தாண்டியிருந்தா?"

"அது இனிமே எடுக்கவே எடுக்காது. நீதான் முதல்ல தாண்டிட்டியே."

"அப்ப நாம எப்பவும் முதல்ல எடுக்கணும், முதல்ல சாகணும். அது சும்மா நின்னு வேடிக்கை பாக்கும். இதுலதான் ஆட்டம் நடத்துறவனுக்கு லாபமே இருக்கு, இல்ல?"

ரொனால்டுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "தள்ளு" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதன்பின் அவன் குரலே மாறிவிட்டது. "வாடி செல்லம், பத்து ஒண்ணு போடு" என்று பொம்மையைக் கொஞ்சினான். இஸ்பேடு நாலு விழுந்ததும் அதே பொம்மையை, தெருவில்கூட யாரும் உரக்கச் சொல்லாத ஒரு வார்த்தையால் திட்டினான். கட்டிக்கொள்ளப் போகிறவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பது நினைவே இல்லை. மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. குழம்பு வாடை போகாத விரல்கள் பொத்தான்களில் எண்ணெய்ப் பிசுக்கை அப்பிக்கொண்டிருந்தன.

எழுந்திருக்கப் போன ரூபியின் கண்ணில் திரையின் மூலை பட்டது. சிறிய ஆங்கில எழுத்தில் ரூபி மிக்கேல்ராஜ் என்றிருந்தது.

"இது ஏன் எம் பேரு?"

"ஓ, அதுவா" என்றான், திரும்பாமல். "எம் பேர்ல இருந்த கணக்கை முடக்கிட்டானுங்க. புதுப் பேருன்னா போனஸ் தருவான்."

"பேரு குடுத்தாப் போதுமா?"

"வோட்டர் கார்டு கேப்பான். பாஸ்போர்ட்டுக்குன்னு போன மாசம் நீ குடுத்தேல்ல, அதான்."

கல்யாணம் முடிந்து மலேசியா போகலாம் என்று சொல்லித்தான் அதை வாங்கியிருந்தான். மில்லில் அரை நாள் லீவு போட்டு, புதிதாகப் போட்டோ எடுத்து, நகலோடு சேர்த்து அனுப்பியிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீ என்ன, மாட்டேன்னா சொல்லப் போற? எங்கம்மா பேரு எப்பவோ முடிஞ்சு போச்சு. எங்கப்பா பேர்லதான் நல்லா ஓடுச்சு. அவர் செத்தப்புறமும் ஒரு வருஷம் ஓடுச்சுன்னா பாத்துக்க!" சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு ரூபியின் அப்பா மிக்கேல்ராஜ் உள்ளிருந்து வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "என்ன மாப்ள, செத்தவரு எங்க ஓடுனாரு?" என்றார். ரொனால்டு மறுபடி சொன்னான். அவரும் சிரித்தார்.

"அப்பா, எம் பேரைப் போட்டுச் சூதாடிக்கிட்டிருக்காரு."

"விளையாட்டுக்குத்தானே பாப்பா."

"வாங்க மாமா, ஒரு கை பாருங்க" என்று ரொனால்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அப்பா உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆஸு ஒண்ணா, பதினொண்ணா?" என்று கேட்டார். அம்மா காப்பியோடு வந்து பின்னால் நின்றாள். இரண்டாவது ஆட்டத்தில் அவருக்கு ஆஸும் ராணியும் சேர்ந்து வந்தன. "ஏலே, விழுந்துருச்சுடா!" என்று கை தட்டினார். அம்மாவும் சிரித்தாள். மூன்று முகத்திலும் திரையின் பச்சை வெளிச்சம். அப்பாவின் வாய் ஓரத்தில் எச்சில் மினுங்கியது. இத்தனை வருடம் பார்த்த அந்த முகத்தைப் பார்க்கவே ரூபிக்குக் கூசியது.

செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். சாமியார் சாப்பிட்டுச் சற்று நேரம் படுத்திருந்தார். எழுப்பச் சொன்னாள்.

"சாமி, காலையில தடை இருந்தாச் சொல்லச் சொன்னீங்க."

"யாரு கல்யாணத்துக்கும்மா?"

"எங் கல்யாணத்துக்குத்தான் சாமி."

அவர் உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார். வீட்டில் பேசிவிட்டு வரலாமே என்றார். "வீட்ல எல்லாரும் விளையாடிக்கிட்டிருக்காங்க சாமி" என்றாள். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை.

அவள் திரும்பி வந்தபோது ரொனால்டு பஸ் ஏறியிருந்தான். விஷயம் தெரிந்ததும் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "ஓலை வாசிச்சப்புறம் நிறுத்துறதா? ஊருக்குள்ள எப்படிடி தலை காட்டுறது? அவரு என்ன குடிச்சாரா, அடிச்சாரா?" அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டாவது ஞாயிறு ஓலை வாசிக்கப்படவில்லை. கோயில் வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒவ்வொரு காரணம் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ரூபி அந்தச் சீட்டாட்டக் கம்பெனிக்கு எழுதினாள். கணக்கைத் தான் தொடங்கவில்லை, உடனே மூடவேண்டும் என்று கேட்டு, அத்தாட்சிக்கு மறுபடியும் அதே வோட்டர் கார்டை ஸ்கேன் செய்து அனுப்பவேண்டியிருந்தது. அதை அனுப்பும்போது தன்னை யாரோ அழுக்குக் கையால் தடவுவது போலிருந்தது. சில நாளில் மூடிவிட்டதாகப் பதில் வந்தது.

மறுநாள் சாயங்காலம் ரொனால்டு போன் செய்தான். ஓலை நின்றதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றுதான் அவள் எடுத்தாள். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

"ஏன் ரூபி மூடுன? அதுல போனஸ் பாதிக்கு மேல இருந்துச்சே. ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?"

அவள் போனை அணைத்தாள்.

"யாரு?" என்றார் அப்பா. அவர் பேசிப் பல நாள் ஆகியிருந்தது.

ரூபி அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். அப்பா கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"அவனைப் பெத்த அப்பன்... மண்ணுக்குள்ள கிடக்காரு" என்றார் பிறகு. "அவரு பேர்ல ஆடுனதை அவன் சொன்னப்ப நானும்ல சேந்து சிரிச்சேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். ரூபி அடுப்படிக்குப் போய் அம்மா அரைகுறையாக விட்டிருந்த வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.