அணை என்றேன்

சொன்ன சொல்லைக் கேட்டிருந்தால் நான் ஏன் இந்த வாசலில் வந்து நிற்கப்போகிறேன்?

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி. இரண்டாவது மாடி. ஆப்பரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் வலது கையில் மாவுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் பெண்டாட்டி முத்துவடிவு. இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, வலது கால் நசுங்கியிருக்கிறது, வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிகிறது என்று டாக்டரம்மா மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "பிழைப்பாங்களான்னு இப்பக் கேக்காதீங்க" என்றார். என் முகம் கேட்டிருக்கும்போல.

அவளுடைய அண்ணன் மகாதேவன் மேலகரத்திலிருந்து ஓடி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"என்ன மாப்ள ஆச்சு?"

"உங்க தங்கச்சிக்கு ரோட்டுல அறிவே கிடையாது மச்சான். ஓரமா அணை அணைன்னு தொண்ட கிழியக் கத்துதேன். அவ பாட்டுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோயி செவத்துல சாத்திட்டா. சொன்னதக் கேட்டாத்தான?"

அப்படித்தான் சொன்னேன். கோபம் வந்தால் என் வாய்க்குப் பூட்டு கிடையாது. புளியரையிலிருந்து வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டு போனார். மகாதேவன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தார்.

என் பெயர் இசக்கிமணி. இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன். புளியங்குடியில் எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றினால் கொல்லத்திலும் இறக்குவேன், ஜோத்பூரிலும் இறக்குவேன். ஜோத்பூர்ப் பக்கம் போய்விட்டு வரும்போதெல்லாம் பாலைவனத்தைப் பற்றி முத்துவடிவிடம் சொல்லுவேன். கேட்டுக் கேட்டு, "ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போங்களேன், அந்த மணல நானும் மிதிக்கேன்" என்பாள். லாரியை விட்டதும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, தண்ணீர் டேங்க் என்று எல்லாம் வைத்தேன். தெருவில் அதைக் கேரவன் என்றார்கள். அவள் வீடு என்றாள்.

மார்கழி முதல் தேதி கிளம்பினோம். ஜெய்சல்மேர் தாண்டி மணல்மேட்டுக்குப் பக்கத்தில் பதினோரு நாள் இருந்தோம். என்ன குளிர்! அந்தக் குளிரிலும் காலையில் எழுந்து வண்டி வாசலைப் பெருக்குவாள். பாலைவனத்தில் மணலைப் பெருக்கிவிட்டு, அந்த மணல் மேலேயே கோலம் போட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஒட்டகக்காரர்கள் கூடி நின்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என்னால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. லாரியில் கிளீனரை விரட்டிய பழக்கம். படுக்கப் போகுமுன் "லைட்ட அணைச்சியா? அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் "அணைச்சாச்சி, அணைச்சாச்சி" என்பாள். பார்மேர் பக்கம் ஒரு தாபா. எஞ்சினை அணைத்துவிட்டு வா என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் சாப்பிட உள்ளே போய்விட்டேன். அவள் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிவிட்டாள். எவனோ ஒருவன் கேபினில் ஏறி உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். "எஞ்சின அணைச்சா அடுத்த நிமிசம் சாவி ஒன் கையில இருக்கணும். மண்டையில ஏறுதா?" தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் மறந்ததே இல்லை.

ஒட்டகத்திலிருந்து விழுந்து கையை ஒடித்திருந்தால் ஊரில் சொல்லிக்கொள்ளவாவது ஆகும். நான் வண்டிக் கூரையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது பனியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. கட்டுப் போட்ட இடத்தில் ரயிலில் போகலாம் என்றார்கள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வருவதா? வேறு டிரைவரிடம் கொடுக்கவும் எனக்கு மனசில்லை. முத்துவடிவுதான், "நான் ஓட்டுதேன். பொங்கலுக்கு நம்ம வாசல்ல பானை வைக்கணும்" என்றாள். மேலகரத்தில் குட்டியானை வண்டியில் காய்கறி கொண்டுபோய்ப் போட்டவள்தான். லைசென்ஸ் உண்டு. ஆனால் அவள் ஓட்டியதெல்லாம் சமதரையில்.

ஆறு நாள் ஓட்டினாள். அந்த ஆறு நாளும் இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் அவள் உயிரை வாங்கினேன். கிளச்சை விடு, கியரை மாற்று, ஆரன் அடி, கண்ணு பொட்டையா? வலி ஒரு பக்கம், வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிற எரிச்சல் ஒரு பக்கம். ஒருமுறை மட்டும், மங்களூர் தாண்டி, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"பைய சொல்லுங்க. காது கேக்கத்தான செய்யுது."

மதுரை வழியாக வந்திருந்தால் சமதரையாகவே ஊருக்குள் வந்திருக்கலாம். நான்தான் கேரள ரோட்டைப் பிடிக்கச் சொன்னேன். கொல்லம் ரோடு எனக்கு உள்ளங்கை மாதிரி என்கிற திமிர். போகி அன்று காலையில் ஆரியங்காவில் டீ குடித்தோம். அவள் முகத்தில் வீடு வந்துவிட்ட சந்தோஷம். "குத்தாலத்துல ஒரு குளி போட்டு இந்த மணலக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள போணும்" என்றாள். கிளம்பும்போது, "இனிமே இறக்கம்லா? எப்படிப் போணும்?" என்று கேட்டாள்.

"நான் பக்கத்துலதான இருக்கேன். அங்கன வரும்போது சொல்லுதேன், நீ ஓட்டு" என்றேன். வலி மாத்திரை போட்டிருந்தேன். இறக்கம் தொடங்குவதற்குள் தூங்கிப்போனேன்.

கருகிய வாடையில்தான் விழித்தேன். இரண்டாவது கியரில் இறக்கவேண்டிய மலையில், அத்தனை தூரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? "பிரேக்கு உள்ள போகுதுங்க, பிடிக்கல, பிடிக்கல" என்று அழுதாள். எதிரே ஐயப்பன்மார் வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வலப்பக்கம் தடுப்புச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் பள்ளம். இடப்பக்கம் மண்மேடு. பிரேக் போனால் லாரிக்காரன் மலைப்பக்கமாக அணைப்பான். ஓரத்தோடு ஒட்டி, மண்ணில் உரசவிட்டு நிறுத்துவான். வண்டி போகும், ஆள் பிழைப்பான்.

"அணை! அணைட்டி! அணைச்சிரு!" என்று கத்தினேன்.

அவள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம். எனக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். கறுப்பு வேட்டிக்காரர்கள் ஓடி வந்து, கதவை நெம்பி, அவளைத் தங்கள் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இதையெல்லாம் நினைத்து நினைத்து அந்தக் கதவு முன்னால் வெந்துகொண்டிருந்தேன். அணை என்றேனே, காதில் விழுந்ததே, திரும்பிக்கூடப் பார்த்தாளே, பிறகு ஏன் செய்யவில்லை? ஒரு சொல். ஒரே ஒரு சொல்லைக் கேட்டிருந்தால்! அவள் மேல் கோபப்படுவதை நிறுத்தினால் அடுத்த நிமிஷம் பயம் வந்துவிடும் என்று தெரிந்தது. அதனால் கோபத்தை விடவே இல்லை.

நர்ஸ் ஒருத்தி ஒரு பாலித்தீன் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். தாலிச் சங்கிலி, வெட்டி எடுத்த இரண்டு வளையல், வண்டிச் சாவி.

"தலையெல்லாம் ஒரே மணலுங்கய்யா, எங்க போயிட்டு வந்தீங்க?" என்றாள். "இந்தச் சாவிய கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. விரல ஒண்ணொண்ணா விரிச்சுத்தான் எடுத்தோம்."

"இது ஒண்ணுதான் கொறச்சல்" என்று பையை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. செங்கோட்டை மெக்கானிக் பரீது. மலை ரோட்டில் எந்த வண்டி விழுந்தாலும் அவன்தான் கட்டி இழுப்பான். என் லாரிக்கும் பல வருஷம் வேலை பார்த்தவன்.

"மதினி எப்படி இருக்காவ அண்ணாச்சி?"

"உள்ள இருக்கா. ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ."

"அல்லா காப்பாத்துவான். அண்ணாச்சி, வண்டிய இழுக்க முடியல. ஸ்டியரிங் லாக்காயிக் கெடக்கு. சாவி ஒங்ககிட்டயா இருக்கு?"

"லாக்கா? ஓடுத வண்டியில எப்படிலே லாக்காவும்?"

"சாவிய உருவாம லாக் விழாது அண்ணாச்சி, சக்கரமும் வலப்பக்கம் திரும்புன மேனிக்கே நிக்கு. மோதுததுக்கு முந்தியே யாரோ எஞ்சின அணைச்சு, சாவிய உருவியிருக்காவ."

அணைச்சு. சாவிய உருவி.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பரீது "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். லைட்ட அணைச்சியா, அடுப்ப அணைச்சியா, எஞ்சின அணைச்சா சாவி கையில இருக்கணும். ஒரு மாதமாக நானே சொல்லிச் சொல்லி அவள் மண்டையில் ஏற்றிய சொல். அவள் எந்தக் காலத்தில் லாரியில் இருந்தாள், ஓரமாக ஒட்டுவதற்கு அணைப்பது என்று பெயர் என்று தெரிந்துகொள்ள? அணை என்றேன். அணைத்துவிட்டாள். அந்தச் சாவுப் பயத்திலும் சாவியை மறக்காமல் உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. பிறகு அவள் எங்கே திருப்ப?

இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டரும் நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவள் தட்டவில்லை. கடைசிச் சொல்லையும் தட்டவில்லை. ஐயோ, நான் என்ன மனுஷன்!

தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகாதேவன் பெஞ்சிலிருந்து பார்த்தார், பக்கத்தில் வரவில்லை. அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சட்டைப்பைக்குள் இருந்த சாவியைத்தான் இறுக்கிப் பிடித்தேன். அவள் உயிர் தங்கினால் போதும், காலம் முழுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்று யார் யாரிடமோ கெஞ்சினேன். ஆரியங்காவு ஐயனிடம், பரீது சொன்ன அல்லாவிடம், அந்தக் கதவிடம்கூட.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "உயிருக்கு இப்பப் பயமில்ல. ஆனா காலக் காப்பாத்த முடியல. முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு" என்றார்.

மறுநாள் பொங்கல். விடிந்து வெயில் ஏறிய பிறகு, இரண்டு பேர் மட்டும் வரலாம் என்று உள்ளே விட்டார்கள். மகாதேவனும் நானும் போனோம். வெள்ளைப் போர்வை. அதில் வலப்பக்கம் பாதியில் பள்ளமாக இருந்தது. நான் அங்கே பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினாள். உதடு வெடித்திருந்தது.

"நீங்க சொன்ன ஒடனே அணைச்சேம்லா" என்றாள். மூச்சு வாங்கியது. "சாவியும் எடுத்துட்டேன். பெறவு ஏங்க வண்டி நிக்கல?"

மகாதேவன் என் பக்கம் திரும்பினார். நேற்று அவரிடம் நான் சொன்னது அத்தனையும் அவர் கண்ணில் இருந்தது.

"நீ ஒரு தப்பும் பண்ணலட்டி! எல்லாம் சரியாத்தான் செஞ்ச! நாந்தான் தப்பாச் சொன்னேன், நாந்தான்! மச்சான், நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், போலீசுகிட்டயும் பொய் சொல்லிட்டேன்!" வார்டே அதிர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்தாள்.

முத்துவடிவு போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் மாவுக்கட்டைத் தொட்டாள்.

"பைய சொல்லுங்க" என்றாள். "காது கேக்கத்தான செய்யுது."

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையத்தான் சொன்னேன். முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. பிறகு அவள் காலைப் பற்றி.