காட்டர் பின்

மண்ணெண்ணெய் வாடை அடித்த செய்தித்தாளை மடித்து எடுக்கும்போதுதான் அது கீழே விழுந்தது. சிமெண்டுத் தரையில் சின்னதாக ஒரு சத்தம். இரண்டு காலும் ஒட்டிய, கொண்டை ஊசி மாதிரி ஒரு கம்பி. ஜெயகுமாரி குனிந்து எடுத்தாள். கொண்டை ஊசி இல்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நேற்று மத்தியானம் அவள் கணவன் எபநேசர் அதன் வளைந்த கால்களை இடுக்கியால் நிமிர்த்தி, பைக்கின் பின் சக்கரத்து அச்சிலிருந்து உருவி, அவள் கையில்தான் கொடுத்தான். "காட்டர் பின்னு. பத்திரம்ட்டி. நட்டு கழண்டுராம பிடிச்சிக்கிடுதது இதுதான்."

சுவரில் மணி ஒன்பதரை. அவன் ஏழு மணிக்கே கிளம்பிப் போயிருந்தான்.

எபநேசர் கால்நடை ஆய்வாளர். வீடு கோவில்பட்டியில், வேலை புதூர் வட்டாரத்துக் கிராமங்களில். பாதி தூரம் தார் ரோடு, மீதி மாட்டு வண்டித் தடம். இரண்டுக்கும் ஈடுகொடுக்கட்டும் என்றுதான் கைமாறி வந்த அந்தப் பழைய ராஜ்தூத் பைக்கை வாங்கினான். பட்டறையில் விட்டால் இரண்டு நாள் வண்டி இருக்காது, பஸ் போகாத ஊர்களில் ஆடுகள் காத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடுவான். சைலன்சரில் படிந்த கரியைச் சுரண்டுவான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பான். பாயிண்ட் இடைவெளியை அளந்து பார்க்கப் பழைய கல்யாண அட்டை ஒன்றை நறுக்கி வைத்திருந்தான். எல்லாம் முடிந்து கார்புரேட்டரைச் சரிசெய்யும் நேரத்தில் மட்டும் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பான். திருகை அவன் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்ப, அவள் கையில் கரண்டியோடு நின்று கேட்பாள். கோயில் பாடகர் குழுவில் பத்து வருஷம் பாடியவள். இரைச்சல் சீராக வந்து நிற்கும் இடம் அவளுக்குத் தெரியும். "இப்ப சரி" என்பாள். அவன் அதற்கு மேல் திருகைத் தொடமாட்டான்.

நேற்று வேலை கொஞ்சம் அதிகம். பின் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் கட்டையை மாற்றினான். திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கையில் சபைச் செயலாளர் வந்து வாசலில் நின்றார். "அச்சு நட்டை மட்டும் முறுக்கி, பின்னைச் சொருகி வையி. இன்னா வாரேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் முறுக்கினாள். முறுக்கும்போதே அடுப்பில் பால் பொங்குகிற வாடை வந்தது. ஓடினாள். திரும்பி வந்தபோது எபநேசர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். "முடிஞ்சிதா?" என்றான். "முடிஞ்சிது" என்றாள்.

நட்டைச் சுற்றியது ஞாபகம் இருக்கிறது. ஸ்பேனரின் விளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது ஞாபகம் இருக்கிறது. இறுக்கி முடித்தாளா, பாதியில் எழுந்தாளா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒருமுறை யோசித்தால் இறுக்கியது போல இருந்தது. மறுமுறை யோசித்தால் ஸ்பேனர் நட்டிலேயே தொங்கியது போல இருந்தது.

தெருமுனையில் கொம்பையாவின் பட்டறை. அவன் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நீட்டிய பின்னை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

"இது இல்லாம வண்டி ஓடுமா?"

"நட்டு இறுக்கமா இருந்தா ஓடும்க்கா. அண்ணாச்சி இன்னைக்கு எங்கன போயிருக்காவ?"

"புதூர் தாண்டி. நல்லமுத்தன்பட்டி."

கொம்பையா பின்னைத் திருப்பிக் கொடுத்தான். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்தான். "தார் ரோடுன்னா ஒண்ணுமில்ல. வண்டித்தடத்துல அடி வாங்கும்லா, அதான் யோசிக்கேன்" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவாதுக்கா. சாயங்காலம் வந்ததும் என்ட்ட அனுப்புங்க" என்றான்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைப் பஸ் நிலையத்துக்கு விரட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மகளைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு ராமலட்சுமியிடம் சொன்னாள். எதற்கு, எங்கே என்று சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே பாராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோட்டோரம் நான்கு பேர் கூடி நின்றால் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். எட்டயபுரத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். லாரியிலிருந்து பருத்திப் பொதி ஒன்று சரிந்து வாய் பிளந்து கிடந்தது. பொறுக்குகிறவர்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள். ஜெபம் பண்ண வாயெடுத்தாள். 'கர்த்தாவே' என்பதற்கு மேல் போகவில்லை. முடிஞ்சிது என்று சொன்ன அதே வாய்.

அவன் வண்டி ஓட்டும் விதமும் கண்ணுக்குள் வந்து நின்றது. மெதுவாகப் போகிறவன் இல்லை. துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கட்டிக்கொண்டு போவான். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மருந்து வீண். அடைமழைக்கு முன் ஊசி போடாத மந்தையில் ஒரே வாரத்தில் பாதி துள்ளித் துள்ளிச் செத்துவிழும். அதனால் பள்ளம் வந்தாலும் குறைக்கமாட்டான்.

புதூர் கால்நடை மருந்தகத்தில் ஆறுமுகசாமி என்ற உதவியாளர் இருந்தார். "சார் எட்டரைக்கே வந்து ஐஸ் மாத்திக்கிட்டுப் போயிட்டாவளே" என்றார். அங்கே வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறான் என்பதில் அவளுக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அவர் தொடர்ந்தார். "நீங்க என்னம்மா திடீர்னு? வீட்டுல எல்லாரும் சுகந்தான?" அவள் சுகம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். மூன்று மைல் என்றார்கள்.

போன வாரத்து மழையில் குழைந்து, பிறகு காய்ந்துபோன தடம். வண்டிச் சக்கரங்கள் பதித்த இரண்டு பள்ளங்கள் கல் மாதிரி இறுகிக் கிடந்தன. நடுமேட்டின் புழுதியில் மோட்டார் சைக்கிளின் டயர் தடம் மட்டும் ஒற்றைக் கோடாகப் போயிற்று. இரண்டு பக்கமும் கறுப்பு மண்ணில் சோளம் சாண் உயரம் எழும்பியிருந்தது. ஒரு ஆள் இல்லை. அவள் அந்தக் கோட்டை விடாமல் பார்த்துக்கொண்டே நடந்தாள். மேடு உடைந்த இடத்தில் கோடு பள்ளத்துக்குள் இறங்கியது, மறுபடி ஏறியது. ஓர் ஓடையின் கரையில் அது கலைந்து அகலமாக இழுபட்டிருந்தது. பக்கத்தில் சோளப்பயிர் ஒரு ஆள் அகலத்துக்குச் சாய்ந்து கிடந்தது. ஜெயகுமாரி கரைக்கு ஓடினாள். கையை ஊன்றிக் குனிந்து ஓடைக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை, எதுவும் இல்லை. மறுகரையில் கோடு மறுபடி தொடங்கியிருந்தது.

ஊர்ப் பொதுவில் இருந்த உடைமரத்தடியில் ஆடுகளை அடைத்திருந்தார்கள். ஊசி போட்டவற்றின் முதுகில் நீலச் சாயம். கோபாலசாமி என்கிற பெரியவர் ஒரு கிடாவை முழங்காலுக்கிடையில் இடுக்கிப் பிடித்திருக்க, எபநேசர் அதன் தோலைச் சுருட்டிப் பிடித்து ஊசியை இறக்கிக்கொண்டிருந்தான். சட்டையின் வலது முழங்கை முழுக்க மண். நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

"பிள்ளைக்கு என்ன?"

கோபாலசாமி கிடாவை விட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"பெறவு யாருக்கு? சொல்லுட்டி."

மத்தியான நேரத்தில் ஒரு பெண் தனியாக, தலை கலைந்து, டவுனிலிருந்து நடந்து வந்தால் அது என்ன சேதியாக இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் உதடு வெளுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. கையை விரித்துப் பின்னைக் காட்டினாள். இறுக்கிப் பிடித்து வந்ததில் அதன் தடம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

அவன் அதைக் குனிந்து பார்த்தான். "இதுக்கா வந்த?"

"முடிஞ்சிதான்னு கேட்டீங்க. நான் முடிஞ்சிதுன்னுட்டேன்."

ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வண்டியடிக்குப் போனான். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து அச்சு நட்டில் மாட்டி அழுத்தினான். அசையவில்லை. எழுந்து காலை வைத்து மிதித்தான். அசையவில்லை.

"யாரு சாமி இத முறுக்குனது?" என்றார் கோபாலசாமி.

எபநேசர் ஜெயகுமாரியைப் பார்த்தான். ஜெயகுமாரி சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னைச் சொருகி அதன் கால்களை வளைக்கும்போது அவள் பார்வை பிரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்குப் போனது. அதன் நட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு இருட்டுக் கோடு தெரிந்தது. "இது?" என்று விரலை வைத்தாள். நட்டு விரலோடு சுற்றியது.

அதை முறுக்கியது அவன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தது நன்றாக ஞாபகம் இருந்தது. எபநேசர் குனிந்து இரண்டு விரலால் திருப்பினான். ஒன்றரைச் சுற்றில் அது அவன் கையோடு வந்துவிட்டது. அந்தப் பட்டை கழன்ற நேரத்தில் பிரேக்கை மிதித்தால் பிரேக் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியும். நேற்றுப் பூட்டும்போது அவளுக்கு விளக்கிச் சொன்னதும் அவன்தான்.

"என்ன வெயிலு" என்று நெற்றியைத் துடைத்தான். வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது.

நட்டை மறுபடி பூட்டி இறுக்கினான். இறுக்கிவிட்டு ஸ்பேனரை அவளிடம் நீட்டினான், முகத்தைப் பார்க்காமல். "நீ ஒருக்கா பாரு." அவள் பார்த்தாள். இன்னும் கால் சுற்று இறங்கியது.

"ஓடைக்கிட்ட விழுந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சறுக்கிச்சி. ஒண்ணுமில்ல."

மீதி ஆடுகளுக்கும் ஊசி போட்டு முடிக்க மூன்று மணி ஆயிற்று. கிளம்பி ஒரு மைல்கூடப் போயிருக்கமாட்டார்கள், மழை பிடித்துக்கொண்டது. முதலில் புழுதி வாசம், பிறகு சடசடவென்று. கொஞ்ச நேரத்தில் கரிசல் குழைந்துவிட்டது. டயரைப் பிடித்த மண் மட்கார்டுக்குள் அப்பி, சக்கரம் முனகி நின்றது. எபநேசர் இறங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஜெயகுமாரி சேலையை இழுத்துச் செருகிவிட்டுப் பின்னால் குனிந்து, ஒரு உடைமரக் குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி வெளியே தள்ளினாள். பத்தடி தள்ளுவதற்குள் மறுபடி அடைத்தது. மறுபடி குனிந்தாள். குச்சி ஒடிந்ததும் விரலாலேயே வழித்தாள். கால்களில் மண் ஒட்டி ஒட்டி, அடிக்கு அடி கனம் கூடியது.

"தள்ளட்டுமா?" என்று அவன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"பொறுங்க."

அவன் பொறுத்தான். தூரத்தில், மழைத் திரைக்கு அப்பால், தார் ரோட்டில் ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போவது தெரிந்தது. அதன் சத்தம் இங்கே வரவில்லை. அவள் முழங்கை வரை கறுப்பாக, சக்கரத்தின் இடுக்கில் கையை விட்டுக்கொண்டிருந்தாள்.